ஆச்சியின் தெரிவு

"தம்பி, பெரிய மாட்டுச் சாதி வேண்டாம். என்ர கொட்டில் சின்னன்."

பக்கத்து வீட்டு ஆச்சி சொல்ல, சினை ஊசி போட வந்த பொடியன் சிரிச்சுப்போட்டான். கையில நைதரசன் புகையிற கொள்கலன். உள்ள -196 பாகை செல்சியஸ் குளிரில, மெல்லிய குழாய்களில காளைகளின்ர விந்து.

"பிரீசியன் மாடு எண்டா பால் கூட, ஆச்சி."

"சித்திரை வெயிலுக்கு அது மூச்சிரைக்கேக்க ஆர் பாக்கிறது? ஜேர்சியைப் போடு. தீனும் குறைவு, பாலும் தடிப்பு."

எந்தக் குணங்கள் வேணுமெண்டு முதலே முடிவெடுத்துக் காளை தெரிவு செய்யிறது; இனவிருத்தி இலக்கு எண்டு வகுப்பில படிப்பிக்கிறது இதைத்தான்.

நோர்வேக்காரர் 1970களிலேயே பாலோட மடிநோயையும் சினைபிடிக்கிறதையும் சேர்த்துப் பாத்துத்தான் காளை தெரிவு செய்தவை. பாலை மட்டும் துரத்தின இடங்களில மாடுகள் சினைபிடிக்கக் கஷ்டப்பட்டதுகள்.

மாட்டுக்கு மாடு பாலில இருக்கிற வித்தியாசத்தில பரம்பரைக்கு ஏறத்தாழ மூண்டில ஒரு பங்குதான். மிச்சம் தீன், தண்ணி, நிழல், பராமரிப்பு. (பொடியனுக்கு முன்னால இதைச் சொல்லேல்லை.)

ஆச்சியிட்ட ஒண்டு மட்டும் சொன்னனான்: காளையின்ர இலக்கத்தை எழுதி வையுங்கோ, பிறக்கிற நாகு வளந்தாப் பிறகு, தகப்பனான அதே காளையை அதுக்கும் போட்டுடக் கூடாது.

மின்சாரப் பில்லின்ர பின்பக்கம் எழுதினவ. அது துலையாமல் இருந்தால் சரி.