பெரிய அலைகளைச் சந்தேகிக்கும் வேலை

சிங்கப்பூரில் இருந்துகொண்டு விண்மீன் திரள்களை ஆராய்கிறேன் என்றால் உறவினர்கள் சிரிக்கிறார்கள். பாதி நாள் மேகம், மீதி நாள் விளக்கு வெளிச்சம். அவர்கள் சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. தொலைநோக்கிக்கும் எனக்கும் ஒட்டுறவில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில், கிட் பீக் மலையில் விண்மீன் திரள்களின் தொலைவுகளை டெசி என்ற கருவி அளந்து, 2025இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட தரவுகளை, கென்ட் ரிட்ஜ் பக்கம் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து துழாவுகிறேன். தேடுவது ஒரே ஓர் எண்: எஃப்-என்எல்.

பேரண்டம் பிறந்தவுடன் அசுர வேகத்தில் வீங்கியபோது, லட்சத்தில் ஒரு பங்கு அளவில் ஏற்ற இறக்கங்கள் உண்டாயின. அவை காஸியன் பரவலிலிருந்து, அதாவது மணி வடிவிலான இயல்பான பரவலிலிருந்து, எவ்வளவு பிசகின என்பதைச் சொல்வது இந்த எண். வெளியெங்கும் நிறைந்திருந்த ஒரே ஓர் ஆற்றல் புலம்தான் அந்த வீக்கத்தை நடத்தியது என்றால் அது கிட்டத்தட்டப் பூச்சியமாக இருக்கவேண்டும். பல புலங்கள் சேர்ந்து நடத்தியிருந்தால் ஒன்றோ அதற்கு மேலோ வரலாம்.

புதிதாகச் சேர்பவர்களுக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் கரைக் கற்களை உதாரணம் காட்டுவேன். நீண்ட அலை உயரும் நேரத்தில் அதன் முதுகில் ஏறிவரும் சிற்றலைகள்தாம் கல்லைத் தாண்டித் தெறிக்கும். அடர்த்தி ஒரு வரம்பைத் தாண்டும் இடங்களில் பிறக்கும் விண்மீன் திரள்களும் அதனால்தான் பெரிய அலைகளின் முகடுகளில் கூட்டம் கூடுகின்றன. காஸியன் கணக்கில் நீண்ட அலை சிற்றலையைத் தூக்கிவிடும், அவ்வளவுதான். எஃப்-என்எல் பூச்சியமாக இல்லாவிட்டால், போகிற வழியில் சிற்றலைகளின் வீச்சையே கூட்டும் அல்லது குறைக்கும். நீல் தலாலும் உடன் ஆய்ந்தவர்களும் 2008இல் வெளியான கட்டுரையில் இதன் விளைவைக் கணக்கிட்டார்கள். பேரண்டத்தில் உள்ள மொத்தப் பருப்பொருளோடு ஒப்பிடுகையில் திரள்கள் எவ்வளவு மிகையாகக் கூடுகின்றன என்ற விகிதத்தில் ஒரு மாற்றம் வரும். மிகப் பெரிய அளவுகளில், அலைநீளம் இரட்டித்தால் அந்த மாற்றம் நான்கு மடங்காகும்.

சிக்கலும் அங்கேதான். வானத்தில் குப்பை சேர்வதும் மிகப் பெரிய அளவுகளில்தான்.

"அக்கா, இடப்பக்க முனையைப் பாருங்கள், ஏறுகிறது!" என்று ஒரு நாள் எங்கள் குழுத் தம்பி ஒருவன், குவாசார்கள் (தொலைதூரத் திரள்களின் பிரகாசமான மையங்கள்) எவ்வளவு கூட்டம் கூடுகின்றன என்ற வரைபடத்தோடு வந்தான். அந்த முனையில்தான் மிக நீண்ட அலைகள். கோடு நிஜமாகவே தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"தூசிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாயா?"

பார்த்தான். பால்வீதிப் பட்டையை நெருங்க நெருங்க, தூசி மங்கலான குவாசார்களை மறைத்திருந்தது. சில இடங்களில் சாதாரண விண்மீன்களே குவாசார் வேடத்தில் பட்டியலுக்குள் நுழைந்திருந்தன. அதற்கேற்ப, கணக்கில் ஒவ்வொரு குவாசாருக்கும் தரும் எடைகளைத் திருத்தியதும் கோடு படுத்துவிட்டது. தம்பி தே ஓ (பாலில்லாத தேநீர்) வாங்கப் போனவன் வெகுநேரம் வரவில்லை.

இந்தத் துறையில் நான் அதிகம் மதிப்பது டெசி குழுவினர் செய்துகொண்ட ஒரு தந்திரத்தை. தங்கள் தரவுக்குள் தாங்களே ஒரு போலிச் சமிக்ஞையைப் புகுத்திக்கொண்டு, ஆய்வுமுறை முடிவாகும்வரை உண்மை விடையைப் பார்க்காமல் இருந்தார்கள். ஆசை கணக்கில் கலந்துவிடக்கூடாதே என்ற பயம்தான். கடைசியில் வந்த விடை −3.6, பிழை வரம்பு ஏறத்தாழ 9. பிளாங்க் விண்கலம் தொல்லொளியிலிருந்து, அதாவது பேரண்டத்தின் இளமைக் காலத்திலிருந்து வரும் ஒளியிலிருந்து, பெற்ற விடை −0.9, பிழை 5.1. இரண்டுக்குள்ளும் பூச்சியம் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு புலமா, பல புலமா என்று தீர்ப்புச் சொல்ல இந்தக் கூர்மை போதாது. பிழை ஒன்றுக்குக் கீழே இறங்கவேண்டும்.

2025 மார்ச்சில் ஏவப்பட்ட ஸ்ஃபியரெக்ஸ் விண்கலத்தின் இலக்கு அதுதான். அது 102 நிறங்களில் முழு வானத்தையும் படமெடுக்கிறது. முழு வானம் என்றால் பால்வீதியின் தூசியும் சேர்த்துத்தான். தம்பி இப்போது அதற்கான தூசித் திருத்த நிரலை எழுதிக்கொண்டிருக்கிறான். திரள்கள் கூட்டம் கூடும் கணக்கைப் பிறகு பார்க்கலாம் என்கிறான்.