கத்தி வசனம் எங்கே போனது?

2003 முதல் 2006 வரை நம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களிடம் ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகம் என்று சொன்னால் போதும், மதிய வேளை வகுப்பும் மேடத்தின் கேள்வியும்தான் முதலில் நினைவுக்கு வரும். மெஸ்ஸில் ஒரு கட்டு கட்டிவிட்டு வந்து பாதிப் பேர் கண்ணைச் சொருகிக்கொண்டிருப்போம். மேடம் நோட்ஸ் தருகிற ரகம் இல்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்பார்: "ராஜாவைக் கொல்லப் போறதுக்கு முன்னாடி இவன் முப்பது வரிக்கு மேல தனியா நின்னு பேசறான். அந்தரத்துல கத்தி தெரியுதுங்கறான். நாடகத்துல சரி. சினிமாக்காரன் இதை என்ன பண்ணுவான்?"

இதுதான் அந்த வருட அசைன்மென்ட். 'மாக்பெத்'தை யாராவது படமாக எடுத்திருந்தால் பார்த்துவிட்டு, கத்தி வசனம் எங்கே போனது என்று எழுதி வர வேண்டும்.

யூடியூப் எல்லாம் இல்லாத காலம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலேறி பீச் ஸ்டேஷனில் இறங்கி, பர்மா பஜாரில் விசிடி தேடினோம். 'குரோசவா' என்று ஜப்பானிய இயக்குநரின் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் ஒரு கராத்தே படத்தை எடுத்து நீட்டினார். வேறொரு கடையில் 'மாக்பெத்'தைத் தழுவி அவர் எடுத்த 'த்ரோன் ஆஃப் பிளட்' கிடைத்தது, பிரிண்ட் சுமார்தான். ஹாஸ்டல் டிவி அறையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த சீனியர்களிடம் கெஞ்சி, ராத்திரி பத்து மணிக்கு மேல் போட்டோம்.

1957-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். ஸ்காட்லாந்துக் கதை அப்படியே ஜப்பானியச் சாமுராய்கள் காலத்துக்குப் போய்விட்டது. ஷேக்ஸ்பியரின் வசனம் ஒரு வரி கூட இல்லை. கொலை நடக்கும் அந்த ராத்திரியில் தளபதி வாஷிசு பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். அவன் மனைவி அசாஜி எழுந்து, கதவுக்கு அப்பால் இருட்டுக்குள் போய் மறைகிறாள். பட்டுத் துணி தரையில் உரசும் சத்தம் மட்டும் கேட்கிறது. திரும்பி வரும்போது கையில் காவலர்களுக்குக் கொடுக்க மது ஜாடி. முகத்தில் ஒரு சலனமும் கிடையாது. ஜப்பானின் நோ நாடகத்தில் போடும் முகமூடி மாதிரியே நடிக்க வைத்திருக்கிறார்கள். கொலையைக் காட்டவே இல்லை. வாஷிசு ரத்தம் படிந்த ஈட்டியோடு வந்து உட்காருகிறான், விரல்கள் ஈட்டியை விட மறுக்கின்றன. அவள்தான் அதைப் பிடுங்கி எடுக்கிறாள். முப்பது வரி வசனம் சொல்வதை அந்த விரல்கள் சொல்லிவிடுகின்றன. அதுவரை சத்தம் போட்டுக்கொண்டிருந்த அறை கப்சிப்.

கடைசியில் அவனைக் கொல்வது எதிரி இல்லை, சொந்தப் படைவீரர்களே. நாடகத்தில் எதிரி மாக்டஃப் வந்து பழி தீர்ப்பான், நியாயம் திரும்பிவிட்டது என்று நாமும் நிம்மதியாக எழுந்து போகலாம். குரோசவா அந்த நிம்மதியைத் தரவில்லை. சரமாரியாக வரும் அம்புகளில் நிஜ அம்புகளும் உண்டு, வாஷிசுவாக நடித்த மிஃபுனே முகத்தில் தெரியும் பயம் முழுக்க நடிப்பு இல்லை என்று பின்னால் படித்தேன்.

எங்கள் செட்டில் செங்கல்பட்டுப் பையன் ஒருவன் இதை ஏற்கவே இல்லை. "என்னங்கடா ஊமைப் படம்? இந்த சீனை சிவாஜி கையில குடுத்திருந்தா தியேட்டர் கிழிஞ்சிருக்கும்." வகுப்பிலும் அதையே சொன்னான். திட்டு விழும் என்று பார்த்தால், மேடம் அடுத்த வகுப்பு முழுக்க 'மனோகரா'வைப் பற்றியே பேசினார்.

பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் அதே சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். 'ஹாம்லெட்'டை 'அமலாதித்யன்' என்றும் 'மாக்பெத்'தை 'மகபதி' என்றும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தவர். அவர் நாடகம்தான் 'மனோகரா'. 1954-இல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில், கருணாநிதி வசனத்தில் சிவாஜி நடித்து வந்த படத்தில் பேச்சைக் குறைக்கவில்லை, கூட்டினார்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. தாய் சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்டு நிற்கும் மகனின் கதை அது. மனோகரனைக் கட்டிப்போட்டிருப்பது சங்கிலி இல்லை, அம்மாவின் சொல். அம்மாவாக வரும் கண்ணாம்பா "பொறுத்தது போதும், பொங்கி எழு" என்று சொன்ன பிறகுதான் அவன் சங்கிலியை அறுக்கிறான். சொல்லே செயலாக இருக்கும் கதையில் வசனத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. மேடைத்தனம் என்று நாம் சுலபமாகக் கிண்டல் செய்யும் பழைய தமிழ்ப் படங்களை நான் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். செங்கல்பட்டான் ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தான்!

அசைன்மென்டுக்கு நான் எடுத்துக்கொண்டது விஷால் பரத்வாஜின் இந்திப் படம் 'மக்பூல்'. 2004 தொடக்கத்தில்தான் இந்தியாவில் வெளியாகியிருந்தது. மும்பை நிழல் உலகம், நாடகத்தில் கொல்லப்படும் ராஜா டங்கன் இடத்தில் அப்பாஜி என்ற தாதா. மாக்பெத் ராஜாவாவான் என்று குறி சொல்லும் சூனியக்காரிகளுக்குப் பதில் இரண்டு போலீஸ்காரர்கள், ஓம் பூரியும் நசீருதீன் ஷாவும். படம் தொடங்கும்போதே மழையில் நிற்கும் வண்டியின் ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் ஜாதகக் கட்டம் போடுகிறார்கள். ஆனால் ஜோசியம் சொன்னதோடு ஒதுங்கிக்கொள்வதில்லை, சொன்னது பலிப்பதற்கு வேண்டிய காரியத்தையும் அவர்களே பார்க்கிறார்கள். விதி என்று நாம் நினைத்ததற்குக் காக்கிச் சட்டை போட்டுவிட்டார் பரத்வாஜ்.

அதைவிடப் பெரிய மாற்றம் நிம்மி. நாடகத்தில் அவள் மாக்பெத்தின் மனைவி. இங்கே தாதாவின் ஆசைநாயகி, மக்பூலின் காதலி. அதனால் பதவி ஆசை எங்கே முடிகிறது, காதல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. கத்தி வசனமும் இதில் இல்லை. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் தரையில் அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. கடைசியில் நம் காதலாவது பாவமில்லாததுதானே என்று நிம்மியாக வரும் தபு கேட்குமிடம் ஷேக்ஸ்பியரில் எங்கேயும் கிடையாது. என்னைக் கேட்டால், படத்தின் உயிரே அங்கேதான்.

அப்புறம் எல்லோரும் திசைக்கொருவராகப் போய்விட்டோம். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் அந்தக் கேள்வி மட்டும் ஓயவில்லை. 2021-இல் திலீஷ் போத்தனின் மலையாளப் படம் 'ஜோஜி' வந்தபோது இரண்டு நாள் சண்டை. கேரளத்துத் தோட்ட வீடு, இரும்பு மாதிரி ஒரு அப்பா, செலவுக்குக் காசில்லாத கடைசிப் பையன். சூனியக்காரி இல்லை, ராஜ்ஜியம் இல்லை. கொலைக்குக் கத்தியும் வேண்டாம், மாத்திரையை மாற்றி வைத்தால் வேலை முடிந்தது. கொரோனா காலத்துக் கதை. சாவு வீட்டில் அண்ணி அவனிடம் மாஸ்க் போட்டுக்கொண்டு வரச் சொல்கிறாள். 'பொய் மனசை மறைக்கப் பொய் முகம் வேண்டும்' என்ற அர்த்தத்தில் மாக்பெத் பேசுவதைத் திரைக்கதை எழுதிய ஷ்யாம் புஷ்கரன் இப்படிச் சுருக்கிவிட்டார். இது வெறும் சொத்துத் தகராறு, சோகத்துக்கான உயரம் இல்லை என்றார்கள் சிலர். எனக்கு அந்தச் சிறுமைதான் பிடித்திருந்தது. அரசனைக் கொல்பவனிடம் ஏதோ ஒரு கம்பீரமாவது இருக்கும். ஜோஜியிடம் அதுவும் இல்லை, அப்பா இருக்கும்வரை வளரவே விடப்படாத ஒருவனின் எரிச்சல்தான் இருக்கிறது. நம் வீடுகளுக்கு இது தெரியாத கதையா என்ன?

அதே வருடம் வந்த ஜோயல் கோயனின் 'த டிராஜடி ஆஃப் மாக்பெத்' படத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மூன்று சூனியக்காரிகளாகவும் கேத்ரின் ஹண்டர் ஒருவரே வருவது அபாரம். மற்றபடி வசனத்தை வசனமாகவே விட்டுவிட்டார்.

நம் பழைய மாணவர் சங்கத்தின் கோடை ஒன்றுகூடலில் ஒரு படம் போடலாம் என்று குழுவில் பேச்சு ஓடுகிறது. என் ஓட்டு 'மக்பூலு'க்கு. இங்கே வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகள் பள்ளியில் 'மாக்பெத்' படிக்கிறார்கள், சப்டைட்டில் இருந்தால் போதும். செங்கல்பட்டான் 'மனோகரா'தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். இரண்டையும் போட ஹால் நேரம் போதாது என்று செயலாளர் சொல்லிவிட்டார்.