அத்தை காத்த சொல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் ஐந்தாம் படிவம் படித்த ஆண்டில், என் ஈர்ப்பு பெண்கள்மீது இல்லை என்பதை நான் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் என் அத்தை. தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அவர், தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. நெடுநேரம் பேசாமல் இருந்தவர், எழுந்து சோறு போட்டுவிட்டு, "இத யாருகிட்ட சொல்றது, எப்ப சொல்றதுன்னு நீதான் முடிவு பண்ணணும்யா, நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார். ஒரு வீட்டின் சண்டை, மறுநாள் காலை ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்குள் தோட்டம் முழுவதும் பரவிவிடும் லயத்து வரிசை வீடுகளில், அந்தச் சொல்லை அவர் இறக்கும்வரை காத்தார்.

அவருக்கு எல்லாம் விளங்கியது என்று சொல்ல மாட்டேன். கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டலாமா என்று ஒருமுறை கேட்டார். வேண்டாம் என்றேன், பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. உறவினர் திருமணங்களில் "உனக்கு எப்போது?" என்று யாராவது தொடங்கினால், என்னைப் பந்தியில் பரிமாற அனுப்பிவிடுவார். ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். நெருங்கியபோது, மற்றப் பிள்ளைகளைக் கேட்பதுபோலவே என்னையும் படித்தாயா என்று கேட்டார். என்னை உயிரோடு வைத்திருந்தது அந்தச் சாதாரணக் கேள்விதான் என்று இன்றும் நம்புகிறேன்.

தன்பால் ஈர்ப்பை உலகச் சுகாதார நிறுவனம் 1990இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இளையோரை நோகடிப்பது ஈர்ப்பு அன்று. நடையையும் பேச்சையும் பார்வையையும் நாள் முழுவதும் தானே காவல் காக்க வேண்டிய களைப்பும், வீட்டார் ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சமுமே. அமெரிக்காவில் 2009இல் வெளியான ஓர் ஆய்வில், குடும்பத்தாரால் கடுமையாக ஒதுக்கப்பட்ட தன்பால் ஈர்ப்புள்ள இளையோர், அவ்வளவாக ஒதுக்கப்படாதவர்களைவிட எட்டு மடங்குக்கும் அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தனர். இத்தகைய இளையோரின் தற்கொலையைத் தடுக்க உழைக்கும் அமெரிக்காவின் ட்ரெவர் ப்ராஜெக்ட் அமைப்பு 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, தம்மை ஏற்றுக்கொண்ட பெரியவர் ஒருவராவது இருந்த இளையோரிடம் அத்தகைய முயற்சி 40 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒருவர் போதும் என்ற அந்தக் கணக்கைப் படித்த இரவில், அத்தை போட்ட சோற்றை நினைத்து அழுதேன்.

"துணிந்து எல்லாரிடமும் சொல்லிவிடு" என்று நம் பிள்ளைகளுக்கு அறிவுரை கூற என்னால் இயலாது. தன்பால் உறவைத் தண்டிக்கப் பயன்படும் தண்டனைச் சட்டத்தின் 377ஏ, 377பி பிரிவுகள் இன்றும் நடப்பில் உள்ள நாட்டில், செலவுக்குத் தந்தையின் கையை எதிர்பார்க்கும் பதினேழு வயதுப் பிள்ளை எதை இழக்க நேரும் என்பதை அந்தப் பிள்ளையே அறியும்.

இப்போது என்னிடம் கணக்குப் பாடம் படிக்க வரும் மாணவன் ஒருவன், அன்று நான் சொன்னதையே சொன்னான். அத்தையின் சொல்லையே அவனுக்கும் கொடுத்தேன். ஆனால் ஒன்றைக் கூட்டிச் சொன்னேன். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அதை மட்டும் நான் தனியே மறைத்து வைக்க மாட்டேன், இருவரும் சேர்ந்து, மனம் நொந்தவர்களின் பேச்சைத் தொலைபேசியில் கேட்கும் பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பை அழைப்போம் அல்லது மருத்துவரிடம் போவோம் என்றேன். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டதால், உதவி கேட்டால் போலீஸ் வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை என்பதையும் விளக்கினேன். அவன் சற்று நேரம் யோசித்துத் தலையாட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் வரலாமா என்று கேட்டான்.