ஆயுத பூஜைச் சந்தனமும் அடியில் தங்கிய நீரும்

கானாடுகாத்தானுக்கு அருகே எங்கள் ஊரில் உள்ள பழைய வீடு, முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு மறு தெருவிலுமாக நீண்டு கிடப்பது. பின்கட்டைத் தாண்டி இருக்கும் வெற்றிடத்தில், விருந்தினருக்கு அறைகள் ஒழுங்கு செய்த காலத்தில், புல்தரை ஒன்றை அமைத்தோம். இந்தச் செம்மண்ணில் புல் வளர்ப்பது தேவையா என்று அப்பச்சி அப்போதே கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை. கோடையில் காய்ந்து கிடக்கும் அந்தப் புல், ஐப்பசி மழை இரண்டு விழுந்ததும் முழங்கால் உயரம் எழுந்துவிடும் என்பதால், புல்வெட்டும் இயந்திரம் ஓடியே ஆக வேண்டிய மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும்தான். சென்ற ஆண்டு சரியாக அந்த நேரத்தில் அது ஓட மறுத்தது.

மறுத்தது என்றும் சொல்ல முடியாது. கிளப்பும்போது காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்துவிட்டுக் கயிற்றைச் சுண்டினால் இயந்திரம் கிளம்பும், இரண்டு மூன்று நிமிடம் ஓடும், பிறகு மூச்சு வாங்குவதைப் போல ஏறி இறங்கி நின்றுவிடும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பி, "அண்ணே, பெட்ரோல் மூடியைக் கொஞ்சம் தளர்த்தினால் இன்னும் சிறிது நேரம் ஓடுகிறது" என்றார். உண்மையில் அந்த ஒரு வாக்கியத்தில் பாதி நோய் அடங்கியிருந்தது. காரைக்குடியில் நான் விசாரித்த பட்டறைக்காரர் இயந்திரத்தைத் திறந்தே பார்க்காமல், பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்பரேட்டரை முழுதாக மாற்றிவிடச் சொன்னார். மாற்றியிருந்தால் புதிய கார்பரேட்டரும் ஒரு வாரத்தில் அதே கதிக்கு ஆளாகியிருக்கும்.

பெட்ரோல் டேங்கின் மூடியில் ஊசிமுனை அளவில் ஒரு மூச்சுத்துளை உண்டு. எரிபொருள் கீழே இறங்க இறங்க அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். மூடியைக் கழற்றிப் பார்த்தபோது அந்தத் துளையின் மீது சந்தனம் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் இயந்திரத்தை ஹோஸ் குழாயால் நன்றாக அடித்துக் கழுவி, மறுநாள் சந்தனமும் குங்குமமும் இட்டது நாங்கள்தான். பொட்டு வைப்பதற்கு மூடியின் நடுப்பகுதியைவிடப் பொருத்தமான இடம் வேறு எது?

சந்தனத்தைச் சுரண்டித் துளையைத் திறந்துவிட்டோம். சற்று நேரம் ஒழுங்காக ஓடிய இயந்திரம் மறுபடியும் முன்போலவே திணறியது. கழுவும்போது பாய்ச்சிய நீர் அதே துளையின் வழியாகவும் மூடியின் வாஷர் ஓரமாகவும் உள்ளே போயிருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. இரவுக் குளிரில் டேங்கின் உட்சுவரில் ஈரம் படிவதால்தான் பெட்ரோலில் நீர் சேர்கிறது என்று பலரும் சொல்வார்கள். பாதி காலியாக மாதக்கணக்கில் கிடக்கும் பெரிய டேங்குகளுக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஒரு லிட்டர் கொள்ளும் சிறிய டேங்கில் அவ்வழியாகச் சேர்வது சில துளிகளே என்பது என் கணிப்பு. நம் பக்கத்தில் குற்றவாளி பெரும்பாலும் ஹோஸ் குழாயும் கூரையில்லாத இடமும்தான்.

ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள, டேங்கில் இருந்த ஏறத்தாழ முக்கால் லிட்டர் பெட்ரோலை ஒரு பழைய ஹார்லிக்ஸ் புட்டியில் இறக்கி, வெயில் படாத திறந்தவெளித் தாழ்வாரத்தில் அரை மணி நேரம் அசையாமல் வைத்தோம். பெட்ரோல் ஒரு லிட்டருக்கு 720 முதல் 775 கிராம் வரைதான் எடையிருக்கும். நீர் 1000 கிராம். ஆகவே நீர் எப்போதும் அடியில்தான் தங்கும். அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தனியாக ஓர் அடுக்கு தெரிந்தது. அதுவும் பெட்ரோலும் ஏறக்குறைய ஒரே நிறமாக இருந்ததால், வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் ஒரு துளியை விட்டேன். துளி நேராகக் கீழே இறங்கி அடி அடுக்கை மட்டும் நீலமாக்கியது. மேலே இருந்த பெட்ரோல் தன் நிறத்திலேயே நின்றது.

இரண்டு விரற்கடை என்றால் ஒரு டம்ளருக்கு நெருக்கமான அளவு. அவ்வளவு நீர் அந்தச் சின்னத் துளையின் வழியாக எப்படிப் போயிருக்கும் என்று தம்பி திகைத்தார். போகவில்லை. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது எத்தனால் என்னும் சாராயம் 20 சதவீதம் கலந்த பெட்ரோல். 2030 என்று வைத்திருந்த அந்த இலக்கை அரசு 2025-க்கே முன்னகர்த்தியது. எத்தனாலுக்குப் பெட்ரோலோடு இருக்கும் உறவைவிட நீரோடு உள்ள உறவு நெருக்கமானது. சிறிதளவு நீர் வந்தால் எத்தனால் அதைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அப்படி எரிந்து போகும் ஈரத்தால் பெரிய தீங்கு இல்லை. அளவு மீறினாலோ, எல்லையில் இருக்கும்போது குளிர் கூடினாலோ, எத்தனாலின் பெரும்பகுதி பெட்ரோலை விட்டுப் பிரிந்து நீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். உள்ளே போனது கால் டம்ளர் நீராக இருந்தால், அடியில் தங்குவது அதைப் போலப் பல மடங்காகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்கும் வழியும் அடியில்தான் இருக்கிறது என்பதால், இயந்திரத்துக்கு முதலில் போய்ச் சேர்வதும் இந்த அடுக்குதான்.

மேலே தெளிந்து நின்ற பெட்ரோலை மட்டும் மொண்டு மறுபடியும் ஊற்றலாமே என்ற எண்ணம் எனக்கும் வந்தது. விற்கும் விலை அப்படி. ஆனால் எத்தனாலை இழந்த அந்தப் பெட்ரோலின் ஆக்டேன், அதாவது என்ஜினில் தட்டலில்லாமல் எரியும் திறன், குறைந்திருக்கும், நீரை எல்லை வரை உறிஞ்சியும் இருக்கும். இன்னும் கொஞ்சம் ஸ்பிரிட் கலந்தால் எல்லாம் கரைந்துவிடும் என்கிற கைவைத்தியத்தையும் நான் ஒதுக்கினேன். முழுவதையும் ஒரு தகரத்தில் ஊற்றி, சக்கர உறுப்புகளைக் கழுவுவதற்குச் சைக்கிள் கடைக்குக் கொடுத்துவிட்டோம். ஊருணிக்கு மழைநீர் போகும் வாய்க்காலில் அதைக் கொட்டும் பேச்சுக்கே இடமில்லை.

பிறகு கார்பரேட்டர். முதலில் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி ஒதுக்கி வைத்தோம். கை கத்திக்கு அருகில் இருக்கும்போது இயந்திரம் கிளம்பிவிடக் கூடாது. கார்பரேட்டரின் அடியில் இருக்கும் கிண்ணத்தை ஒரே போல்ட் பிடித்திருக்கிறது. சில இயந்திரங்களில் அந்த போல்ட்டே, பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளையுள்ள ஜெட்டாகவும் இருக்கும் என்பதால், அதைக் கழற்றிய கையோடு பத்திரப்படுத்த வேண்டும். கிண்ணத்தின் அடியில் சுண்ணாம்புத் தூளைப் போல வெண்மையாகப் படிந்திருந்தது. நீர் நாள்பட நின்றால் கார்பரேட்டரின் அலுமினிய, துத்தநாகக் கலவை அரித்து இப்படித்தான் பூக்கும். அந்தத் தூள் ஜெட்டின் துளையில் பாதியை அடைத்திருந்தது. தம்பி தையல் ஊசியை எடுத்து வந்தார். வேண்டாம் என்று தடுத்தேன். பித்தளைத் துளையை எஃகு ஊசி அகலப்படுத்திவிட்டால், பிறகு எவ்வளவு முயன்றாலும் பெட்ரோலும் காற்றும் சரியான விகிதத்தில் சேராது. மின்கம்பியை உரித்து, உள்ளிருந்த செம்பு இழைகளில் ஒன்றை உருவித் துளையில் விட்டெடுத்தோம். கார்பரேட்டர் கிளீனரை அடித்து, சைக்கிள் கடையின் காற்றுக் குழாயால் எல்லா வழிகளையும் ஊதினோம். பெட்ரோலில் ஊறி உப்பியிருந்த கிண்ணத்து ரப்பர் வளையத்துக்கும் வடிகட்டிக்கும் புதியவை வாங்கினோம்.

டேங்கைக் கழுவுவதற்கு நீரையா பயன்படுத்த முடியும்? அரை டம்ளர் புதுப் பெட்ரோலை ஊற்றிக் குலுக்கி, இரண்டு முறை வடித்து, நிழலில் காயவிட்டோம். என்ஜின் ஆயிலிலும் நீர் கலந்து அது பாலைப் போல் வெளுத்திருக்கிறதா என்று பார்த்தேன். நல்ல வேளையாக இல்லை.

இவ்வளவையும் முடித்துவிட்டுப் பெட்ரோல் ஊற்றப் போகும்போதுதான் கேனைக் கவனித்தேன். மாட்டுக் கொட்டகையின் ஒழுகும் ஓட்டுக்குக் கீழே அது நின்றது. அதன் மேற்புறம் தட்டைப் போலக் குழிந்திருந்தது, குழியில் மழைநீர், அந்த நீருக்கு நடுவே மூடி. வெயிலில் கேன் சூடாகி உள்ளிருக்கும் காற்று வெளியேறி, இரவில் குளிரும்போது மூடியின் ஓரத்தில் நிற்கும் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதையும் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிப் பார்த்தோம்; அடியில் விரல் நுனி அளவுக்கு ஓர் அடுக்கு இருந்தது. அந்தப் பெட்ரோலும் சைக்கிள் கடைக்கே போனது.

இப்போது வாங்குவது ஒரு மாதத்துக்குத் தேவையான இரண்டு லிட்டர் மட்டும். கேன் பட்டாலைக்குப் பின்னால் காற்றோட்டமான நிலையறையில், அடுப்படிக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது. புல் வெட்டி முடித்ததும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கிண்ணத்தில் மிஞ்சியது தீர்ந்து தானாக நிற்கும் வரை இயந்திரத்தை ஓடவிடுகிறோம். சோக் இல்லாமல் மெதுவாக ஓடும்போது லேசான தடுமாற்றம் இன்னும் இருக்கிறது. சிறிய ஜெட்டில் தூள் எங்கோ ஒட்டியிருக்க வேண்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கழற்றவிருக்கிறேன். இந்த ஆண்டு ஆயுத பூஜைக்குத் தம்பி இயந்திரத்தை ஈரத்துணியால் மட்டும் துடைத்து, சந்தனத்தைக் கைப்பிடியில் வைத்தார்.