மார்கழிக் காலையும் அப்பாவின் காரும்

சென்னையில் ஏது குளிர் என்பீர்கள். அப்பாவின் பழைய கார், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வைத்த கார். அதற்கு 22 டிகிரியே குளிர்தான். காற்றைக் குறைத்து பெட்ரோல் பங்கைக் கூட்டும் சோக்கை இழுத்தால் ஓடும். உள்ளே தள்ளினால் நாலு தரம் இருமிவிட்டு நின்றுவிடும். சூடேறிய பிறகு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடும்.

"கார்புரேட்டரை மாத்திடுங்க சார்" என்றார் மெக்கானிக். மனசு வரவில்லை. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் எஞ்சினுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதற்குத்தான் சோக். அந்த நேரத்தில் கார்புரேட்டர் வழியாக வராமல் ஏதாவது இடுக்கில் திருட்டுக் காற்று புகுந்தால் தொலைந்தது.

ஞாயிறு காலை ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன். சோக் தகடு முழுசாக மூடுகிறது, சரி. அப்புறம் எஞ்சின் திணறும்போதே கார்புரேட்டர் அடியைச் சுற்றி கிளீனர் ஸ்பிரேயைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தேன் (சைலன்சர் பைப் சூடாவதற்குள், பற்றிக்கொள்ளும் சமாச்சாரம்). இடது மூலையில் பட்டதும் இடுக்கு வழியாக ஸ்பிரேயை உறிஞ்சி எஞ்சின் குபுக்கென்று வேகம் எடுத்தது. அங்கே இடுக்கை அடைக்கும் மெல்லிய தகடான கேஸ்கெட் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. இதற்கா மூன்று வாரம் வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைச் சரிசெய்யும் ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தேன்!

புதுப்பேட்டையில் புது கேஸ்கெட் கிடைத்தது. இன்று காலை சோக் இல்லாமலே வாசலில் முனகிக்கொண்டு நின்றது. "ஆஃப் பண்ணுடா, புகை உள்ள வருது" என்றார் அம்மா.