பேட்ச் சைஸ் 50 வைத்தும் ஒவ்வொன்றாகவே போன இன்சர்ட்

சிஎஸ்வி கோப்பில் இருக்கும் லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகளை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டேபிளில் ஏற்றும் வேலை. ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க், அடியில் ஹைபர்நேட் (ஜாவா ஆப்ஜெக்ட்களை டேபிள் வரிகளாக எழுதித் தரும் ஓஆர்எம்). ஜேடிபிசி (ஜாவா டேட்டாபேஸோடு பேசும் வழி) பேட்ச் சைஸ் 50 என்று கான்ஃபிகில் ஏற்கெனவே இருந்ததால், மொத்தமாகச் சேமிக்கும் சேவ்ஆல் கூப்பிட்டால் இன்சர்ட்கள் (வரி சேர்க்கும் கட்டளைகள்) ஐம்பது ஐம்பதாகச் சேர்ந்து போகும் என்று டீமில் எல்லோருமே நம்பிக்கொண்டிருந்தோம். ஏற்றி முடிக்கவோ யுகம் ஆனது. அதே கோப்பை போஸ்ட்கிரெஸின் காப்பி கமாண்டில் நேரடியாகப் போட்டால் சட்டென்று முடிகிறது, ஆகவே டேட்டாபேஸைக் குறை சொல்ல வழியில்லை.

முதலில், ஓடும் கட்டளைகளை அச்சடிக்கும் ஷோ எஸ்கியூஎல் செட்டிங்கை ஆன் செய்தேன். இதற்கு அது உதவாது, பேட்ச் ஆனாலும் ஆகாவிட்டாலும் இன்சர்ட்டை ஒவ்வொரு வரியாகத்தான் அச்சடிக்கும். ஜெனரேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் செட்டிங்தான் உருப்படியானது. செஷன் மூடும்போது லாகில் ஒரு கணக்கு வரும், அதில் ஓடிய ஜேடிபிசி பேட்ச் எத்தனை என்றும் இருக்கும். எங்களுடையதில் 0.

காரணம், ஐடி ஐடென்டிட்டி முறையில், அதாவது வரி சேரும்போது டேட்டாபேஸே எண் கொடுக்கும்படி, இருந்தது. ஒரு ஆப்ஜெக்டை பெர்சிஸ்ட் செய்தவுடன் (சேமிக்க ஒப்படைத்தவுடன்) அதன் ஐடி ஹைபர்நேட்டுக்குத் தெரிந்தாக வேண்டும், ஐடென்டிட்டியில் அந்த எண் இன்சர்ட் ஓடினால்தான் கிடைக்கும், எனவே அது சேர்த்துவைக்காமல் ஒவ்வொன்றையும் உடனே அனுப்பிவிடுகிறது. ஒரு வார்னிங்காவது போடலாம், அதுவும் இல்லை!

சரி, சீக்வென்ஸுக்கு, அதாவது இன்சர்ட்டுக்கு முன்பே எண் கேட்டு வாங்கக்கூடிய டேட்டாபேஸ் கவுன்டருக்கு, மாற்றினோம். தானாக எண் ஏறும் பிக்சீரியல் காலமுக்குப் பின்னால் எப்படியும் ஒரு சீக்வென்ஸ் இருக்கும், அதையே கைகாட்டினால் போதும். ஆனால் அப்ளிகேஷன் எழும்பவே இல்லை: மேப்பிங்கில் இன்க்ரிமென்ட் 50, டேட்டாபேஸில் 1 என்று எக்ஸெப்ஷன். ஹைபர்நேட் ஒருமுறைக்கு ஒதுக்கிக்கொள்ளும் எண்களின் அளவான அலொக்கேஷன் சைஸின் இயல்பு மதிப்பு 50, பிக்சீரியல் சீக்வென்ஸ் ஒன்று ஒன்றாக ஏறுவது. இந்தச் சோதனையை அணைத்துவிட ஒரு செட்டிங் உண்டு, தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். ஒருமுறை கேட்டால் 50 எண்கள் தனக்குத்தான் என்று ஹைபர்நேட் நினைக்க, சீக்வென்ஸ் ஒன்றே ஒன்று நகர்ந்திருந்தால் டூப்ளிகேட் கீ வராமல் என்ன செய்யும்? ஆல்டர் சீக்வென்ஸ் போட்டு இன்க்ரிமென்ட்டை 50 ஆக்கினோம். அதே டேபிளில் எழுதும் பழைய ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது, அது போடும் ஐடிகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறது, மோதல் இல்லை.

அப்புறம் வேகம் நன்றாகவே கூடியது. டிரைவர் யூஆர்எல்லில், பல இன்சர்ட்களை ஒன்றாக்கும் ரீரைட் பேட்ச்ட் இன்சர்ட்ஸ் ஆப்ஷனைச் சேர்த்ததும் இன்னும் கொஞ்சம். ஆர்டரும் அதன் ஐட்டங்களும் மாறி மாறி வரும் இடத்தில் பேட்ச் உடைந்துகொண்டே இருந்தது, இன்சர்ட்களை டேபிள்வாரியாக வரிசைப்படுத்தும் ஆர்டர் இன்சர்ட்ஸ் செட்டிங் அதைச் சரிசெய்தது. ஐம்பதுக்கு ஒருமுறை ஃப்ளஷ் (சேர்ந்ததை அனுப்புவது), கிளியர் (மெமரியிலிருந்து அகற்றுவது), இல்லாவிட்டால் மெமரி ஏறிக்கொண்டே போகும்.

பொருளின் கோட் என்பதையே பிரைமரி கீயாக (வரியின் தனி அடையாளமாக) வைத்திருந்த டேபிள் மட்டும் அடங்கவில்லை. ஐடி முன்பே நிரம்பியிருப்பதால் ஸ்பிரிங்கின் சேவ் அதைப் பழைய பதிவு என்று எடுத்துக்கொண்டு மெர்ஜுக்குப் போகிறது, அது ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் முன்னால் ஒரு செலக்ட் (ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடும் கட்டளை) அடிக்கிறது. பெர்சிஸ்டபிள் இன்டர்ஃபேஸைப் போட்டு புதியதா இல்லையா என்ற இஸ்நியூவை நாமே சொன்னதும் செலக்ட் நின்றது, உடனே அடுத்த தலைவலி. கோப்பில் ஒரே கோட் வெவ்வேறு ஐம்பதுகளில் இரண்டு முறை வந்தால் 23505, அதாவது போஸ்ட்கிரெஸின் டூப்ளிகேட் கீ பிழை. அதுவும் சேவ் வரியில் வராது, ஃப்ளஷிலோ கமிட்டிலோதான் வந்து நிற்கும். கேட்ச் செய்து தொடரவும் முடியாது, போஸ்ட்கிரெஸ் அந்த டிரான்ஸாக்ஷனில் அதற்குப் பிறகு எதையும் ஏற்காது.

கடைசியில் அந்த ஒரு டேபிளுக்கு மட்டும் ஓஆர்எம்மை விட்டுவிட்டு, எஸ்கியூஎல்லை நேரடியாக எழுதும் ஜேடிபிசி டெம்ப்ளேட்டில் 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' (மோதினால் அந்த வரியை விட்டுவிடு) எழுதினோம். ஒரே புராஜெக்டில் இரண்டு பாணியா என்று டீமில் ஒருவருக்கு இன்னும் வருத்தம்தான். இருக்கட்டும், இறக்குமதி ஓடுகிறது.