மேட்ச் பார்க்கப் போய் நிலநடுக்கத்தில் ஆடிய கதை

குறைந்த செலவில் சென்னைக்குப் போவது எப்படி, திருவல்லிக்கேணியில் எங்கே தங்கலாம், சேப்பாக்கத்தில் ஐபிஎல் மேட்ச் பார்க்க எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் கிளம்பினேன். அந்த வரிசையெல்லாம் 2012 ஏப்ரல் 11, புதன்கிழமை மதியத்தோடு போயிற்று. நடுநடுவே நினைவு வந்தால் செலவுக் கணக்கையும் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ராத்திரி பஸ். தூங்கிவிட்டேன், சொல்ல ஒன்றுமில்லை. 2011 நவம்பரில் டிக்கெட் விலையை ஏற்றிய பிறகு அரசு பஸ்ஸிலும் பர்ஸைத் திறக்கக் கை கூசியது. மேட்ச் டிக்கெட்டுக்கே பாதிப் பணம் போய்விட்டதால் லாட்ஜ் என்ற பேச்சுக்கே இடமில்லை. நண்பன் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் நான்காவது மாடியில் இருக்கிறான். விருந்தாளி தங்கினால் ஒரு நாளைக்கு நூறு ரூபாய் என்று மேனேஜர் கறாராக வாங்கிக்கொண்டார். அந்த நூறு ரூபாய்க்குக் கிடைத்தது ஒரு பாய், ஒரு வாளித் தண்ணீர், ஒருவர் ஏறினால் இன்னொருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய படிக்கட்டு. லிப்ட் கிடையாது. இந்தப் படிக்கட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம் பெரிய தெருப் பக்கம் பிரியாணி சாப்பிட்டோம். அரை பிளேட் வாங்கினாலே வயிறு நிறைகிறது. கத்தரிக்காய் கூட்டு இன்னொரு கரண்டி கேட்டால் முகம் சுளிக்காமல் வைக்கிறார்கள். மதுரைக்காரன் என்பதால் பிரியாணி விஷயத்தில் சுலபமாக யாரையும் பாராட்ட மாட்டேன், ஆனால் இது நன்றாகவே இருந்தது. சாப்பிட்டுவிட்டு நான்கு மாடி ஏறிப் படுத்தோம். சரியாக இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. சென்னையில் அப்போது தினமும் இரண்டு மணி நேர மின்வெட்டு, அந்தத் தெருவுக்கு இரண்டிலிருந்து நான்கு. அதற்கே நண்பன் அரசாங்கத்தைத் திட்டினான். எங்கள் ஊரில் கரண்ட் எப்போது வரும் என்றுதான் கணக்கு வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

இரண்டேகால் இருக்கும். எனக்குத் தலை லேசாகச் சுற்றியது. நேராகப் பிரியாணி மேல்தான் சந்தேகம் வந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போதே நண்பன் எழுந்து உட்கார்ந்தான்.

“மாப்ள, தலை சுத்துதுடா.”

“எனக்கும்தான்டா.”

“ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலயா?”

அப்போதுதான் மேலே பார்த்தேன். கரண்ட் இல்லாமல் நின்றுபோயிருந்த ஃபேன், கம்பியோடு சேர்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. இறக்கை சுற்றவில்லை, மொத்த ஃபேனும் ஆடுகிறது. கொடியில் கிடந்த லுங்கி ஆடுகிறது. மூலையில் இருந்த வாளியில் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறி விளிம்பைத் தொட்டு, மறுபக்கம் சரிந்து, மறுபடியும் ஏறியது. ஒரு துளிகூடச் சிந்தவில்லை. சத்தமும் இல்லை. நிலநடுக்கம் என்றால் தடதடவென்று உலுக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இது அப்படியில்லை. நங்கூரம் போட்ட படகில் படுத்திருப்பதுபோல நிதானமாக, ஒரே தாளத்தில் ஆடியது. நிதானமாக ஆடியதுதான் அதிகப் பயமாக இருந்தது. எப்போது நிற்கும் என்று தெரியவில்லையே!

பக்கத்து அறையிலிருந்து யாரோ “பூகம்பம்டா!” என்று கத்தினார்கள். அவ்வளவுதான், மேன்ஷன் முழுக்கப் படிக்கட்டுக்கு ஓடியது. துண்டோடு ஒருவர், முகத்தில் பாதி சோப்போடு ஒருவர், லேப்டாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவர். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அப்படியே அடைத்துக்கொண்டது. கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் போக முடியவில்லை. கட்டடத்துக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்தத் திருப்பத்திலேயே கதை முடிந்திருக்கும். இவ்வளவு பேரிடம் வாடகை வாங்குபவர்கள் இரண்டாவது படிக்கட்டு ஒன்று கட்டக்கூடாதா? மேனேஜரிடம் கேட்டேன். “தம்பி, நூறு வருஷத்துக்கு ஒரு வாட்டி வர்றதுக்குப் படி கட்டுவாங்களா?” என்றார்.

நூறு வருஷமெல்லாம் இல்லை. மேன்ஷனிலேயே பல காலமாகக் குடியிருக்கும் ஒரு பெரியவர் தெருவில் நின்று விரல்விட்டுச் சொன்னார். 2001 செப்டம்பரில் ஒருநாள் ராத்திரி எட்டரை மணி வாக்கில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஒன்று, 5.5 அளவு. அதுதான் பக்கத்திலேயே வந்தது. அப்புறம் 2004 டிசம்பர் 26 காலை, சுமத்ரா. 2009 ஆகஸ்டில் நடுராத்திரி, அந்தமான் பக்கம். ஒவ்வொரு தடவையும் ஊரே தெருவுக்கு வரும், மறுநாள் பேப்பரில் படிக்கும், அப்புறம் மறந்துபோகும் என்றார்.

கீழே டீக்கடைக்காரரோ எதையும் நம்பத் தயாராக இல்லை. “இன்னா சார், எல்லாரும் சேர்ந்து சீன் போடுறீங்களா?” அவர் போட்ட டீயில் ஓர் அலைகூட இல்லையாம். தரையில் நின்றவர்கள் பலரும் அப்படித்தான் சொன்னார்கள். மேல்மாடிக்காரர்கள் ஒரு கட்சி, தரைக்காரர்கள் ஒரு கட்சி, நடுத்தெருவில் வாக்குவாதம். நான் சத்தியம் செய்தும் அந்த மனிதர் நம்பவில்லை. பிறகு அவருடைய செல்போனுக்கே ஊரிலிருந்து அழைப்பு வந்ததும்தான் வாயை மூடினார்.

அந்த ஒரு அழைப்பு வந்ததே அதிசயம். எங்கள் யார் போனிலும் லைன் கிடைக்கவில்லை. எதிர்க்கடையில் பேட்டரி ரேடியோ ஓடியதில்தான் விவரம் தெரிந்தது. சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கடியில், நம் நேரப்படி 2 மணி 8 நிமிடத்துக்கு. முதலில் 8.9 என்றார்கள், அப்புறம் 8.7, கடைசியில் 8.6. இங்கிருந்து சுமார் 1,800 கிலோமீட்டர். அங்கே ஆடியது இங்கே வந்து எங்கள் வாளியைத் தொட ஆறேழு நிமிடம் ஆகியிருக்கிறது.

சுமத்ரா என்ற பெயர் காதில் விழுந்ததும் தெருவின் முகமே மாறிவிட்டது. அதுவரை கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கிழக்கே திரும்பினார்கள். மெரினா அங்கிருந்து நடக்கிற தூரம். 2004-ல் காலை ஆறரைக்கு ஆடி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் கடல் உள்ளே வந்தது. சென்னையில் மட்டும் இருநூறுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். ஐதராபாத்தில் இருக்கும் சுனாமி எச்சரிக்கை மையம் எச்சரிக்கை கொடுத்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. அந்த மையமே 2004-க்குப் பிறகு வந்ததுதான். கண்ணகி சிலைப் பக்கம் போலீஸ் ஜீப் மைக்கில் கத்திக்கொண்டு போவதை பாரதி சாலை முனையிலிருந்து பார்த்தேன். மணலில் இருந்தவர்களை லத்தியோடு விரட்டிக்கொண்டிருந்தார்கள். அதே சமயம் பைக்கில் இரண்டு இரண்டு பேராகக் கடலைப் பார்க்கக் கிளம்பியவர்களும் இருந்தார்கள்! சுனாமியைப் போட்டோ எடுக்கவாம். இவர்களை என்ன சொல்வது? குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குப்பத்துப் பெண்கள் ஒரு பக்கம் மேற்கே நடக்க, எதிர்த்திசையில் ஹாரன் அடித்துக்கொண்டு இந்தக் கூட்டம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

மூன்றரைக்கு அக்காவின் மெசேஜ் ஒரு வழியாக வந்து சேர்ந்தது. “உடனே வில்லிவாக்கம் கிளம்பி வா. அம்மா அழுறாங்க.” சரி, ஆட்டோ.

இந்த ஆட்டோவைப் பற்றி எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சாதாரண நாளில் நூற்றைம்பது கேட்பார்கள் என்று நண்பன் சொல்லியிருந்தான். அண்ணன் ஐந்நூறு என்றார். மீட்டர் என்ற பொருள் வண்டியில் இருந்தது, அதன் மேல் துணி தொங்கியது. “சுனாமி டைம்ல ஓட்றேன் சார், ரிஸ்க் யாருது?” என்றார். கடலை விட்டு விலகித்தானே போகிறோம், ரிஸ்க் குறைகிறதே என்றேன். அந்த வாதம் எடுபடவில்லை. முந்நூற்றைம்பதுக்கு இறங்கினார். என் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு அது. நண்பன் வரவில்லை, டிக்கெட் அறையில் இருக்கிறது, அதை விட்டு நகரமாட்டேன் என்றான்.

அண்ணா சாலைக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. ஏற்கெனவே மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதோடு மாடி ஆபீஸ்களில் இருந்தவர்கள் எல்லோரும் கழுத்தில் அடையாள அட்டையோடு ரோட்டில். நாலேகாலுக்கு மேல் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கூட்டம் ஓடிவந்தது. இரண்டாவது தடவை ஆடியதாம், 8.2 என்று பிறகு தெரிந்தது. எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆட்டோ நிற்கும்போதே அந்த ஆட்டம் ஆடியது. இதில் இந்தோனேசியாவின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

வில்லிவாக்கம் போய்ச் சேரும்போது ஆறு மணி. அக்கா சூடாக ரவா உப்புமா வைத்திருந்தாள். வழக்கமாக உப்புமாவைக் கண்டால் ஓடுகிறவன், இரண்டு தட்டு சாப்பிட்டேன். டிவியில் எச்சரிக்கை விலக்கப்பட்டதாகச் செய்தி ஓடியது. கடலடித் தட்டு மேலும் கீழுமாகத் தூக்காமல் பக்கவாட்டில் வழுக்கியதால்தான் பெரிய அலை எழும்பவில்லை என்று விளக்கினார்கள். 2004-ல் கடலடி மேலே எழும்பித் தண்ணீரையே தூக்கிவிட்டது. அளவில் அவ்வளவு பெரியது வந்தும் நாம் தப்பித்தது இந்த ஒரு வித்தியாசத்தால்.

மாமா கட்டட வேலையில் இருப்பவர். டீக்கடைப் பஞ்சாயத்தை அவரிடம் வைத்தேன். இரண்டு கட்சியும் சரிதான் என்றார். தூரத்திலிருந்து வரும்போது வேகமான அதிர்வெல்லாம் வழியிலேயே தேய்ந்துபோய், மெதுவான நீள அலைகள்தான் மிஞ்சுமாம். அவை உயரமான கட்டடத்தைத்தான் பிடித்து ஆட்டும். தரையில் நிற்பவனுக்குத் தெரியாது. “நிலநடுக்க ஆபத்து மண்டலத்துல சென்னையை 2002-ல ரெண்டாவதுலேர்ந்து மூணாவதுக்கு ஏத்திட்டாங்க, மாப்ள. கம்பி கட்டறதுக்குன்னு தனியா விதி இருக்கு. எத்தனை பேர் செய்றாங்கன்னுதான் தெரியல.” அப்புறம் 2001 குஜராத் நிலநடுக்கத்தைப் பற்றிச் சொன்னார். அது வந்த புஜ்ஜிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் அகமதாபாத்தில்கூட அடுக்குமாடிகள் விழுந்தன. கீழே சுவரே இல்லாமல் வெறும் தூணை நிறுத்தி, கார் விடுவதற்கு இடம் ஒதுக்கியவை பல.

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “நம்ம வீட்டுக்குக் கீழயும் அப்படித்தானங்க இருக்கு?” மாமா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மறுநாள் காலை திருவல்லிக்கேணிக்கே திரும்பினேன், இந்த முறை பஸ்ஸில். ரத்னா கஃபேயில் இட்லி. சாம்பாரை ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள், இட்லி முழுகிய பிறகும் கேட்டால் ஊற்றுகிறார்கள். சென்னைக்குப் போனால் இதை விடவே கூடாது. மேட்சைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். சென்னைக்கு 206 ரன் இலக்கு, இரண்டு ஓவரில் 43 வேண்டும் என்ற நிலையில் பெங்களூருவின் கோலி வீசிய 19-வது ஓவரில் ஆல்பி மார்க்கல் 28 அடித்தார். கடைசிப் பந்தில் ஜடேஜா பவுண்டரி. கொடுத்த காசு அந்த ஒரு ஓவரிலேயே வசூல்.

தங்குவதற்கு மேன்ஷன் போகிறவர்கள் முதல் மாடியில் கேளுங்கள், படிக்கட்டு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். இன்னொன்று, வெள்ளிக்கிழமை வருடப் பிறப்பு என்பதால் வியாழன் ராத்திரி கோயம்பேட்டில் தனியார் பஸ்காரர்கள் மதுரைக்கு வாய்க்கு வந்ததைக் கேட்டார்கள். அரசு பஸ்ஸில் கடைசி வரிசை ஜன்னலோர இருக்கைதான் கிடைத்தது, ஜன்னல் மூடவில்லை.